அந்த ஓர் அடி எங்கே விழுந்தது?

(ஜொகூர் பாருவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோல்ஃபைப் பற்றித் தமிழில் ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று அழைப்பிதழைப் பார்த்த ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். காற்பந்து என்றால் லார்கின் அரங்கில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் இருப்பீர்கள். கோல்ஃப் அப்படியல்ல. நம்மில் பெரும்பாலோருக்கு அது நெடுஞ்சாலையில் போகும்போது வேலிக்கு அந்தப் பக்கம் தெரிகிற பச்சை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பச்சையை வெட்டிச் சீராக்கியவர்களில் நம் ஆட்கள் உண்டு. துரைமாரின் பையைத் தூக்கிக்கொண்டு கேடியாக நடந்தவர்களிலும் உண்டு. எம். ராமையா, பி. குணசேகரன் என்ற பெயர்கள் மலேசியத் தொழில்முறை கோல்ஃபில் பல ஆண்டுகள் ஒலித்தவை. ஆகவே இது யாரோ ஒருவருடைய ஆட்டம் என்று நான் ஒதுங்கிக்கொள்ளத் தயாராக இல்லை.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. பெரிய போட்டி ஒன்றில் நான்கு நாள் ஆடி, ஓர் அடியில் ஒருவர் ஜெயிக்கிறார், இன்னொருவர் தோற்கிறார். அந்த ஓர் அடி எங்கே விழுந்தது? கடைசிக் குழியில் என்று எல்லோரும் சொல்வார்கள். தொலைக்காட்சியும் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டும். நான் இல்லை என்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 18 குழிகள் ஒரு சுற்று. வழக்கமாக வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு சுற்று, மொத்தம் 72 குழிகள். குறைவான அடியில் முடிப்பவர் வெற்றியாளர். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி போதும் என்று ஒரு கணக்கு உண்டு, அதுதான் பார். அதைவிட ஒன்று குறைத்தால் பர்டி, ஒன்று கூடினால் போகி. உலகத்தில் எத்தனையோ போட்டிகள் நடந்தாலும் மேஜர் என்று சொல்லப்படுபவை நான்குதான்: மாஸ்டர்ஸ், பிஜிஏ சாம்பியன்ஷிப், யுஎஸ் ஓப்பன், பிரிட்டனின் ஓப்பன். இவ்வளவு போதும்.

2004 ஆகஸ்டு 15, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் விசிலிங் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற திடல். ஒரு காலத்தில் ராணுவப் பயிற்சி முகாம் இருந்த தட்டை நிலம் அது. பீட் டை என்ற வடிவமைப்பாளர் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, அயர்லாந்துக் கடற்கரை மேடுகளைப் போல ஆக்கிவிட்டார். எங்கே பார்த்தாலும் மணல் பள்ளம், அதாவது பங்கர். ஆயிரத்துக்கும் மேல் என்பார்கள். அந்த மணல் பள்ளங்களை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும். நீளம் 7,514 கஜம். அதுவரை எந்த மேஜரும் அவ்வளவு நீளமான திடலில் நடந்ததில்லை. 17ஆம் குழிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'நசுங்கிய நரம்பு'. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசி நாள். முன்னணியில் இருந்தவர் விஜய் சிங், வயது 41. மூன்று நாளில் 67, 68, 69 அடித்து 204. ஓர் அடி பின்னால் ஜஸ்டின் லெனர்ட், 205. ஐந்து அடி பின்னால் கிறிஸ் டிமார்கோ, 209. ஐந்து அடி என்பது கடைசி நாளில் பெரிய இடைவெளி. டிமார்கோவை யாரும் பெரிதாகக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு விஜய் சிங்குக்கு ஒன்றும் நடக்கவில்லை. 18 குழியில் ஒரு பர்டிகூட இல்லை. ஒன்றுகூட! உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், அந்த ஆண்டு யாரும் தொட முடியாத வேகத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தவர், பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறார், அது உள்ளே போக மறுக்கிறது. போகி மட்டும் நான்கு. கடைசிச் சுற்று 76.

இப்படி ஒருவர் சரிந்தால் மற்றவர் பாய்ந்து பிடித்திருக்க வேண்டும். லெனர்ட் பிடித்தார், முந்தவும் செய்தார். 18ஆம் குழிக்கு வரும்போது ஓர் அடி முன்னணி அவருடையது. பார் எடுத்தால் கோப்பை. இரண்டாவது அடி கிரீனை, அதாவது குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரையை, எட்டவில்லை. அடுத்த அடியில் பந்தைக் குழிக்கு நான்கு மீட்டருக்கும் குறைவான தூரத்துக்குக் கொண்டுவந்தார். அந்த பட், அதாவது குழியை நோக்கி உருட்டும் அடி, உள்ளே போயிருந்தால் முடிந்தது. போகவில்லை. பக்கத்திலேயே விஜய் சிங்குக்கு ஒரு பர்டி வாய்ப்பு. விழுந்தால் அவர் வெற்றியாளர். அதுவும் விழவில்லை. இவர்களுக்கு முன்பே ஆடி முடித்த டிமார்கோவும் அதே 18இல், வெற்றிக்கு வேண்டிய ஒரு பட்டைத் தவறவிட்டிருந்தார். எர்னி எல்ஸ் கடைசிக் குழியில் போகி எடுத்து, 281 என்று நின்றுவிட்டார். கிறிஸ் ரைலியும் 281. மூவர் 280.

ஒரே கிரீன், ஒரே மாலை. கோப்பையை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அந்தக் குழி கேட்டுக்கொண்டே இருக்கிறது, யாருக்கும் கை நீளவில்லை.

பிறகு மூன்று குழி மறு ஆட்டம்: 10, 17, 18. மூன்றிலும் சேர்த்து யாருக்குக் குறைவோ அவருக்கே பட்டம். பத்தாவது குழியில் விஜய் சிங் முதல் அடியிலேயே பந்தை கிரீனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, பர்டி எடுத்தார். அன்றைய தினத்தின் முதல் பர்டி அது, அவருக்கு 73ஆவது குழி! அந்த ஓர் அடியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டிலும் பார் எடுத்தார். மற்ற இருவருக்கும் பர்டி வரவேயில்லை. முடிந்தது.

அன்றைய ஒரு நாள் கணக்கை மட்டும் பாருங்கள். டிமார்கோ 71. லெனர்ட் 75. விஜய் சிங் 76. மூவரில் அன்றைக்கு மோசமாக ஆடியவர்தான் வெற்றியாளர். மேஜர் ஒன்றில் இதைவிட மோசமான கடைசிச் சுற்று ஆடி ஜெயித்தவரைத் தேடினால் 1938க்குப் போக வேண்டும். இங்கிலாந்தில், கூடாரங்களைக் கிழித்தெறிந்த ஒரு புயல் நாளில் ரெஜ் விட்கோம் 78 அடித்து ஓப்பனை வென்றார். அவருக்காவது புயல் என்ற சாட்சி இருந்தது.

மறுநாள் செய்திகளில் என்ன வந்திருக்கும்? லெனர்ட் தவறவிட்ட பட். அதைத்தான் நினைவு வைத்துக்கொள்வார்கள். ஆனால் நம் மளிகைக்கடையில் கடன் எழுதும் 555 புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் கடைக்காரர் கூட்டிச் சொல்லும்போது, கடைசியாக வாங்கிய சீனிப் பொட்டலத்தால்தான் கடன் வந்தது என்று யாராவது சண்டை போடுவோமா? மூன்றாம் தேதி வாங்கிய எண்ணெயும் அதே கணக்கில்தான் இருக்கிறது. விஜய் சிங் வியாழக்கிழமை 67க்குப் பதில் 68 அடித்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை மறு ஆட்டத்தில் அவரே இல்லை. அந்த வியாழக்கிழமை அடியை யாரும் படம்பிடித்து வைத்துக்கொண்டு அழவில்லை, சிரிக்கவுமில்லை. டிமார்கோ சனிக்கிழமை 71 அடித்தார். 70 அடித்திருந்தால் மறு ஆட்டமே வேண்டியதில்லை, கோப்பை அவருடையது.

இந்த விஜய் சிங் நமக்கு யார் என்று கேட்கலாம். பிஜித் தீவில் லௌடோக்காவில் 1963இல் பிறந்தவர். லௌடோக்கா கரும்பு ஊர், சர்க்கரை ஆலை ஊர். பாரதி மனம் நொந்து பாடினாரே, அதே பிஜி. 1879இலிருந்து 1916 வரை அறுபதாயிரம் பேர் அளவில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். 1903க்குப் பிறகு சென்னையிலிருந்தும் கப்பல் போயிற்று. இங்கே ரப்பர், அங்கே கரும்பு. தோட்டம் என்று சொன்னால் நமக்கு விளங்குகிற அதே பொருள் அவர்களுக்கும் விளங்கும். விஜய்யின் தந்தை விமான நிலையத்தில் வேலை பார்த்தவர், கோல்ஃபும் சொல்லிக்கொடுத்தார். நாடி விமான நிலைய ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் திடல் இருந்தது. பையன் ஓடுபாதையைத் தாண்டிப் போய் ஆடினான். இன்றைய விமான நிலையத்தில் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

1982இல் தொழில்முறைக்கு வந்தார். அவருடைய முதல் தொழில்முறைப் பட்டம் எது தெரியுமா? 1984ஆம் ஆண்டு மலேசிய பிஜிஏ சாம்பியன்ஷிப். இந்த நாட்டில்தான் அவர் முதன்முதலில் ஜெயித்தார். அடுத்த ஆண்டே விழுந்ததும் நம் வட்டாரத்தில்தான்.

எப்படி என்று சொல்வதற்கு முன் ஒரு விதி. நான்கு சுற்றுப் போட்டியில் இரண்டு நாள் முடிந்ததும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கோடு கிழிப்பார்கள். அதற்குள் இருப்பவர்கள் சனி, ஞாயிறு ஆடலாம், பரிசுப்பணம் உண்டு. கோட்டுக்கு ஓர் அடி வெளியே இருந்தாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பெரும்பாலும் ஒரு காசு கிடையாது. ஓர் அடியில் பட்டம் போவதைப் பற்றி ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். ஓர் அடியில் பயணச் செலவே போகிறவர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? 1985இல் ஜக்கார்த்தாவில் நடந்த இந்தோனேசிய ஓப்பனில், இந்தக் கோட்டைத் தாண்டுவதற்காகத் தன் அடிக்கணக்கு அட்டையில் அடியைக் குறைத்துக் காட்டினார் என்று விஜய் சிங் மீது குற்றச்சாட்டு வந்தது. அவர் அதை மறுத்தே வந்திருக்கிறார். ஆசியச் சுற்றிலிருந்து அவரை விலக்கினார்கள். அப்போது 22 வயது.

அதற்குப் பிறகு அவர் போன இடம் போர்னியோ. சபாவின் உள்நாட்டில் கெனிங்காவ், அப்புறம் சரவாக்கில் எண்ணெய் ஊரான மிரி. கிளப்பில் பயிற்சியாளர் வேலை. பாடம் சொல்லிக்கொடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் வெயிலில் தனியாகப் பந்தடித்தார். உலகத்தில் எந்த ஆட்டக்காரரும் விஜய் சிங் அளவுக்குப் பயிற்சி செய்ததில்லை என்று பின்னாளில் பேர் வாங்கினாரே, அந்தப் பழக்கம் இறுகியது அந்த ஆண்டுகளில்தான் என்பது என் எண்ணம். அங்கிருந்து ஆப்பிரிக்கா, 1988இல் நைஜீரிய ஓப்பன், பிறகு ஐரோப்பா. அமெரிக்காவில் 1993இன் சிறந்த புதுமுகம். 1998இல் பிஜிஏ சாம்பியன்ஷிப், 2000இல் மாஸ்டர்ஸ். 2004இல் நான் சொன்ன கூத்து. அந்த ஆண்டு மட்டும் ஒன்பது பட்டம். செப்டம்பரில் டைகர் உட்ஸிடமிருந்து உலகின் முதலிடத்தையும் பறித்தார். நடுவில் 2001இல் ஒரு முறை மலேசியாவுக்கு வந்தார். சௌஜானாவில் மலேசிய ஓப்பன். பாட்ரிக் ஹேரிங்டன் என்ற அயர்லாந்துக்காரரோடு சமம், மறு ஆட்டத்தில் விஜய் சிங்குக்கு வெற்றி. ஹேரிங்டன் என்ற பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

அட்டை என்று சொன்னேன். கோல்ஃபில் ஒருவருடைய அடியை இன்னொரு ஆட்டக்காரர் எழுதுவார். ஆட்டம் முடிந்ததும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 1968 மாஸ்டர்ஸில் அர்ஜென்டினாவின் ரோபர்த்தோ தெ விசென்சோ கடைசி நாளில் 65 அடித்தார். அன்றைக்கு அவருக்கு 45ஆவது பிறந்தநாள். 17ஆம் குழியில் அவர் மூன்றே அடியில் முடித்ததை ஊர் உலகமே பார்த்தது. கூட ஆடிய டாமி ஏரன் அட்டையில் நான்கு என்று எழுதிவிட்டார். தெ விசென்சோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். உண்மையைவிடக் கூடுதலாக எழுதிக் கையெழுத்திட்டால் அந்தக் கூடுதலே நிற்கும் என்பது விதி. 65 என்பது 66 ஆயிற்று. பாப் கோல்பியோடு சமமாக இருக்க வேண்டியவர், ஓர் அடியில் தோற்றார். அடிக்காத ஓர் அடி! கோல்பியும் பாவம். நேர்மையாக ஆடி ஜெயித்த மனிதர், அட்டையால் ஜெயித்தவர் என்ற பேச்சைச் சுமக்க நேர்ந்தது.

முன்பு மணல் பள்ளங்களை நினைவில் வையுங்கள் என்றேன். 2010இல் அதே விசிலிங் ஸ்ட்ரெய்ட்ஸ், அதே பிஜிஏ சாம்பியன்ஷிப். டஸ்டின் ஜான்சன் ஓர் அடி முன்னணியில் 18ஆம் குழிக்கு வருகிறார். பந்து ஒரு மணல் திட்டில் விழுகிறது. நாள் முழுக்கக் கூட்டம் மிதித்து நடந்த இடம், காலடித் தடம்தான் தெரிகிறது. அவர் மட்டையைத் தரையில் ஊன்றினார். அதுவும் பங்கர்தான், அன்றைய விதிப்படி பங்கரில் மட்டை மணலைத் தொடக்கூடாது. திடலில் உள்ள மணல் பள்ளம் எல்லாமே பங்கர் என்று உடைமாற்றும் அறையிலேயே அறிவிப்பு ஒட்டியிருந்தது. அபராதம் இரண்டு அடி. மறு ஆட்டத்துக்குப் போக வேண்டியவர், நேரே வீட்டுக்குப் போனார். மார்ட்டின் கைமர் பட்டத்தை எடுத்துக்கொண்டார். இதில் தோல்வி எந்த அடியில்? மட்டையை ஊன்றியதிலா, அறிவிப்பைப் படிக்காமல் விட்ட வாரத் தொடக்கத்திலா? நான் இரண்டாவதைச் சொல்வேன்.

சமன் வந்தால் எப்படி முடிப்பது என்பதிலும் மேஜர்களுக்குள் ஒற்றுமை இல்லை. மாஸ்டர்ஸில் யார் முதலில் ஒரு குழியைத் தனியாக வெல்கிறாரோ அவருக்கே. பிஜிஏவில் மூன்று குழிக் கூட்டுத்தொகை, 2000இலிருந்து. யுஎஸ் ஓப்பனில் முன்பு மறுநாள் திங்கட்கிழமை வந்து முழுதாக 18 குழி ஆட வேண்டும். 2008இல் டைகர் உட்ஸும் ராக்கோ மீடியேட்டும் அந்த 18லும் சமமாகி, 19ஆவது குழியில்தான் முடிந்தது. 2018இல் அதை இரண்டு குழியாகச் சுருக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை ஆட்டம் போனதில் எனக்கு வருத்தம்தான். நான்கு நாள் உழைப்பை ஒன்றிரண்டு குழியில் தீர்ப்பது பூவா தலையா போடுவதற்குக் கொஞ்சம்தான் மேல். ஆனால் திங்கட்கிழமை யார் தொலைக்காட்சி முன் உட்காருவது? விளம்பரக்காரர்கள் நிச்சயம் உட்கார மாட்டார்கள்.

இனி நம் ஊர். ஜொகூரில் மேஜர் நடந்ததில்லை. ஆனால் மேஜரில் ஓர் அடிக்காக மல்லுக்கு நின்றவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். 2007இலிருந்து 2012 வரை இஸ்கண்டார் ஜொகூர் ஓப்பன் என்ற போட்டி நடந்தது. ரெட்டீஃப் கூசன், கே. ஜே. சோய் போன்றவர்கள் வென்ற போட்டி. பிறகு ஹொரைசன் ஹில்ஸ் திடலில் 2010இல் ஜெயித்தவர் நான் நினைவில் வைக்கச் சொன்ன ஹேரிங்டன். 2012இல் ஜெயித்தவர் ஸ்பெயினின் செர்ஹியோ கார்சியா, கடைசிச் சுற்றில் 61 அடித்து.

இந்த இருவரையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 2007 ஜூலை, ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி, ஓப்பன் கடைசி நாள். ஆறு அடி பின்னாலிருந்து வந்த ஹேரிங்டன் முன்னணி பிடித்து 18ஆம் குழிக்கு வருகிறார். குறுக்கே பேரி பர்ன் என்ற ஓடை. முதல் பந்து ஓடையில். அபராதம் வாங்கி அடித்த பந்தும் அதே ஓடையில்! அப்படியும் தளராமல் ஆறு அடியில் முடித்தார். பின்னால் வந்த கார்சியாவுக்கு ஒரு பார் போதும், கோப்பை அவருடையது. மூன்று மீட்டர் அளவுள்ள பட். குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு வெளியே நின்றது. இருவரும் 277. நான்கு குழி மறு ஆட்டம், முதல் குழியிலேயே ஹேரிங்டனுக்கு இரண்டு அடி முன்னணி, கடைசியில் ஓர் அடியில் அவருக்கு வெற்றி. 1947க்குப் பிறகு ஓப்பனை வென்ற முதல் அயர்லாந்துக்காரர் அவர்தான். கார்சியா முதல் மேஜருக்கு 2017 மாஸ்டர்ஸ் வரை காத்திருந்தார். அதுவும் மறு ஆட்டத்தில்தான் வந்தது.

கார்சியாவின் அந்த பட்டைத்தான் எல்லோரும் பேசினார்கள். நான் ஓடையில் இரண்டு பந்தைப் போட்ட பிறகு ஹேரிங்டன் அடித்த அடுத்த அடியைப் பேசுவேன். கிரீனுக்கு வெளியேயிருந்து பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒரே பட்டில் முடித்தார். அங்கே ஏழு ஆகியிருந்தால் மறு ஆட்டமே இல்லை. அடுத்த ஆண்டு முடிவதற்குள் பிஜிஏவையும் சேர்த்து மொத்தம் மூன்று மேஜர் எடுத்த அதே மனிதர், அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு மேல் பெரிய சுற்றுகளில் எதையும் ஜெயிக்காமல் தவித்தார். அந்த வறட்சியை முடித்த ஊர் நம்முடைய ஜொகூர்.

2010க்கும் 2012க்கும் இடையில், 2011 இஸ்கண்டார் ஜொகூர் ஓப்பன். நவம்பர் மாதம். ஐரோப்பியச் சுற்றும் சேர்ந்துகொண்ட முதல் ஆண்டு. நம் ஊர் நவம்பரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வானம் கறுக்கும். மின்னல் என்றால் கோல்ஃபில் விளையாட்டில்லை. வெட்டவெளியில், கையில் இரும்பு மட்டையோடு நிற்கிற ஆட்டம் அது. சைரன் ஊதினால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும், இந்த ஒரு பட்டை மட்டும் போட்டுவிடுகிறேன் என்று கேட்க முடியாது. அந்த வாரம் மழை விடவில்லை. நான்கு சுற்றை மூன்றாகக் குறைத்து, 54 குழியில் முடித்தார்கள்.

ஓர் அடியில் ஜெயித்தவர் நெதர்லாந்தின் யோஸ்ட் லௌட்டன். ஐரோப்பியச் சுற்றில் அவருக்கு அதுவே முதல் பட்டம். ஓர் அடியில் தோற்றவர் டேனியல் சோப்ரா. தாய் சுவீடன்காரர், தந்தை இந்தியர். ஏழு வயதிலிருந்து டில்லியில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். அவருக்கு நெருக்கமான ஆட்டம் புதிதல்ல. 2008 தொடக்கத்தில் ஹவாயில், ஸ்டீவ் ஸ்டிரிக்கரை நான்காவது மறு ஆட்டக் குழியில் தோற்கடித்து அமெரிக்கச் சுற்றின் மெர்சிடிஸ் பென்ஸ் சாம்பியன்ஷிப்பை எடுத்தவர்.

ஜொகூரில் அவருக்கு மறு ஆட்டமும் இல்லை, நான்காவது சுற்றும் இல்லை. கடைசிக் குழி பட்டைக் குறை சொல்லலாம், முதல் நாள் போகியைக் குறை சொல்லலாம். ஆனால் அவர் ஆடாத 18 குழிகள் இருக்கின்றனவே, அவற்றில் இருந்திருக்கக்கூடிய அடியை யார் கணக்கில் எழுதுவது? லௌட்டன் அந்த 18இல் இன்னும் ஐந்து அடி முன்னே போயிருக்கலாம், அதுவும் உண்டு. பதிவேட்டில் அந்தச் சுற்றுக்கு நேரே ஒன்றும் இல்லை. வென்றவர் லௌட்டன், வித்தியாசம் ஒன்று, சுற்று மூன்று.

2012க்குப் பிறகு அந்தப் போட்டி இங்கே நடக்கவில்லை. ஆனால் நம் ஜொகூரின் பத்து பகாட்டில் பிறந்த கெல்லி டான் என்ற பெண், அமெரிக்காவில் பெண்களுக்கான எல்பிஜிஏ சுற்றில் ஆடப் போனார். அவர் பெயரை விளையாட்டுப் பக்கத்தில் பார்த்தால், எத்தனையாவது இடம் என்பதோடு நிறுத்தாமல், பெயருக்கு நேரே சின்ன எழுத்தில் போட்டிருக்கும் நான்கு எண்களையும் படியுங்கள். வெள்ளிக்கிழமையே கோட்டுக்கு வெளியே போயிருந்தால் இரண்டு எண்தான் இருக்கும். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். தேநீர் ஆறுவதற்குள் முடித்துக்கொள்ளச் சொல்லி செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.